இடப்பக்கம் ஓட்டுகிற ஊருக்கு வலப்பக்கம் ஓட்டுகிற நாட்டு ஹெட்லைட்டை விற்றிருக்கிறீர்கள்

குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். கடந்த ஆகஸ்டில் உங்கள் தளத்தில் ஜீப்புக்கான 7 அங்குல எல்இடி ஹெட்லைட் ஒரு ஜோடி, 7,800 ரூபாய் கட்டி வாங்கினேன். அது சம்பந்தமாக மூன்று தடவை போனில் பேசிவிட்டேன், இரண்டு மின்னஞ்சலும் போட்டுவிட்டேன். போனை எடுக்கிற பிள்ளைகள் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள், அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் நான் சொல்கிற குறை என்னவென்று இதுவரை ஒருவருக்கும் புரிந்த மாதிரி தெரியவில்லை. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். நீளமாக இருக்கும், தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

வண்டி 1994 மாடல் மஹிந்திரா எம்எம் 540, பிஜோ டீசல் இன்ஜின், அப்பா வாங்கியது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள் தென்னையும் மின்கம்பமும் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தபோது, எங்கள் தெருவிலிருந்து வயல் வழியாக இறங்கி ஏறி வெளியே போக முடிந்த ஒரே வண்டி இதுதான். விற்கச் சொல்லிப் பல பேர் கேட்டுவிட்டார்கள், கொடுக்க மனசு வரவில்லை. எல்லாம் நன்றாக இருந்தது, ஹெட்லைட் மட்டும்தான் குறை. டிம்மில் போனால் மஞ்சளாக அவிந்து கிடக்கும், பிரைட் போட்டாலும் முப்பது நாற்பது அடிக்கு மேல் ஒன்றும் தெரியாது.

இங்கே அது சின்ன விஷயம் இல்லை. எங்கள் ஊருக்கு வருவது பாமணி ஆற்றுக் கரை ரோடு. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ஆறேழு அடிப் பள்ளத்தில் வயல், நடுவில் ஒரு வண்டி தாராளமாகப் போகிற அளவுக்குத் தார், பல இடத்தில் தடுப்புச் சுவரே கிடையாது. அறுவடை சமயத்தில் அதே ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருப்பார்கள், ஓரத்தில் கல்லை வரிசையாக வைத்திருப்பார்கள், இருட்டில் அந்தக் கல் தெரியாது. கதிர் அறுக்கிற மிஷின் லைட் இல்லாமல் நிற்கும். நடவுக்கும் களை எடுக்கவும் போன பெண்கள் பொழுது சாய்ந்து கூட்டமாக நடந்து வருவார்கள். மார்கழி, தை என்றால் விடியற்காலைப் பனி வேறு. இவ்வளவையும் பார்த்து ஓட்டத்தான் நல்ல விளக்காகத் தேடினேன்.

உங்கள் விளம்பரத்தில் "வயரிங் மாற்ற வேண்டாம், கழற்றி மாட்டினால் போதும், இந்தியச் சாலைகளுக்கு ஏற்றது, ஜோடி 20,000 லுமென், விளக்கு ஒன்றுக்கு 40 வாட், தண்ணீர் புகாது ஐபி 67" என்று இருந்தது. நம்பினேன். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால் வெளிச்சத்தின் அளவைச் சொல்கிற அந்த லுமென் எண்ணே நிற்கவில்லை. இரண்டு விளக்குக்கும் சேர்த்து 80 வாட், அதில் 20,000 லுமென் என்றால் வாட்டுக்கு 250 வருகிறது. ஹெட்லைட்டில் வருகிற நல்ல எல்இடியே வாட்டுக்கு 100 லுமென் பக்கம்தான் கொடுக்கும். நாங்கள் காலம் காலமாகப் போடுகிற எச்4 ஹாலஜன் பல்பு பிரைட்டில் சுமார் 1,650, டிம்மில் சுமார் 1,000 லுமென், அதை வைத்தே நாடு முழுக்க ராத்திரியில் லாரி ஓடியிருக்கிறது. சரி, விளம்பரத்தில் எண்ணைக் கூட்டிப் போடுவதை நிறையப் பேர் செய்கிறார்கள், அதை மட்டும் வைத்து இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

மாட்டின முதல் நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. பால் மாதிரி வெள்ளை வெளிச்சம். ஆனால் இரண்டாம் நாளே எதிரே வருகிற எல்லோரும் விளக்கை மினுக்கி எனக்கு டிப்பர் அடிக்க ஆரம்பித்தார்கள். நான் டிம்மில்தான் வருகிறேன் என்று காட்ட பிரைட் போட்டு இறக்கிக் காட்டினால் இன்னும் கோபப்படுகிறார்கள். விளக்கு கொஞ்சம் மேலே பார்க்கிறது போல என்று மெக்கானிக்கிடம் சொல்லி கீழே இறக்கினேன். அப்போதும் அடித்தார்கள். இன்னும் இறக்கினேன். கடைசியில் எனக்கு முன்னால் பதினைந்து அடி மட்டும் பளபளவென்று தெரிகிறது, அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை, அப்படியும் எதிரே வருகிறவர் கண்ணைப் பொத்திக்கொள்கிறார்.

ஐப்பசி மாதம் ஒரு ராத்திரி, மழை விட்டு எட்டு மணி இருக்கும், கரை ரோட்டில் எதிரே ஒரு பைக். ஓட்டி வந்த தம்பிக்குப் பின்னால் அவர் மனைவி, நடுவில் ஒரு குழந்தை. நான் வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் ஒதுங்கினேன், விளக்கும் டிம்மில்தான் இருக்கிறது. பக்கத்தில் வந்தபோது அந்தத் தம்பி கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதோடு பைக் தாரை விட்டு இறங்கிவிட்டது. முன் சக்கரம் கரை விளிம்புச் சேற்றில் பொதக்கென்று இறங்கி அப்படியே நின்றது, அந்தப் பெண் ஒரு காலை ஊன்றிக் குழந்தையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அதற்கு இரண்டடி தள்ளி ஆறு, கரை தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இறங்கி ஓடினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தம்பி என்னைக் கண்டபடி திட்டினார், நான் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. பைக்கைத் தூக்கிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் ரொம்ப நேரம் எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. அன்றிலிருந்து அந்த விளக்கைப் போட்டு ராத்திரியில் நான் வெளியே போகவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவரும் நானும் பக்கத்து ரைஸ் மில் களத்தில் ஜீப்பை நிறுத்தி, 25 அடி தள்ளி இருக்கிற குடோன் சுவரில் சோதித்தோம். மட்டமான தரை, டயரில் காற்றெல்லாம் சரி பார்த்தாயிற்று. விளக்கின் நடு உயரத்தை அளந்து சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு 3 அங்குலம் கீழே இன்னொரு கோடு. டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கீழ்க் கோட்டில் நிற்க வேண்டும், இடது ஓரத்தில் மட்டும் மேலே ஏற வேண்டும். நம் நாட்டில் வண்டி இடப்பக்கம் போகிறது, அதனால் இடது ஓரத்தில் நடந்து போகிறவர், சைக்கிள், கல், பலகை எல்லாம் தெரிவதற்காக அந்தப் பக்கம் வெளிச்சத்தைத் தூக்கி, எதிர் வண்டி வருகிற வலப்பக்கத்தை அடக்கி வைப்பார்கள். முதலில் பழைய ஹெட்லைட் ஒன்றை மாட்டிப் பார்த்தோம், மங்கலாக இருந்தாலும் இடது பக்கம் ஒழுங்காக ஏறியது. அப்புறம் உங்கள் விளக்கு. கத்தியால் வெட்டின மாதிரி சுத்தமான கோடு, ஆனால் ஏறுகிற பக்கம் வலது. சுவரில் அந்த வெள்ளை முக்கோணம் வலப்பக்கமாகச் சரிந்து மேலே போகிறது. இரண்டு விளக்கையும் தனித்தனியாகத் துணி போட்டு மறைத்துப் பார்த்தோம், இரண்டும் அப்படியே. அந்த எலக்ட்ரீஷியன் தம்பி என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க டிம்மில் போனாலும் எதிர்ல வர்றவன் மூஞ்சியிலதான் அடிச்சிருக்கு" என்றார்.

இதைப் போனில் சொன்னதற்குத்தான் "சார், அதில் ஈ முத்திரை இருக்கிறது, சர்வதேசத் தரம்" என்று பதில் வந்தது. முத்திரை இருப்பது உண்மை, கண்ணாடியின் கீழே வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்து இருக்கிறது, ஐ.நா. வாகன விதிப்படி அங்கீகாரம் பெற்றது என்று அதற்கு அர்த்தம். அந்த முத்திரையைச் சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு குறி உண்டு. இடப்பக்கம் ஓட்டுகிற நாட்டுக்கான விளக்கு என்றால் கூடவே ஒரு அம்புக்குறி இருக்க வேண்டும், விளக்குக்கு எதிரே நின்று பார்க்கிறவருக்கு அது வலது பக்கம் காட்டும். இரண்டு வகைக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்றால் இரண்டு முனையும் கூராக இருக்கிற அம்பு. அம்பே இல்லை என்றால் அது ஐரோப்பா மாதிரி வலப்பக்கம் ஓட்டுகிற நாட்டுக்குச் செய்தது. நீங்கள் அனுப்பின இரண்டிலும் அம்பு இல்லை. டார்ச் அடித்து படம் எடுத்து முதல் மின்னஞ்சலிலேயே வைத்திருக்கிறேன். ஆக விளக்கில் பழுது என்று நான் சொல்லவில்லை. வேறு நாட்டுக்கான விளக்கை இந்தியச் சாலைக்கு ஏற்றது என்று எழுதி விற்றிருக்கிறீர்கள், இதுதான் என் புகார். இதை எவ்வளவு கீழே இறக்கினாலும் சரியாகாது, திருப்பி மாட்டவும் வழியில்லை, அது கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் செய்யும்போதே அமைகிற விஷயம்.

தண்ணீர் விஷயம் தனி. ஐபி 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே புகக் கூடாது. என் வண்டி தண்ணீரில் முங்கவில்லை, ஐப்பசி மழையில் வாசலில் நின்றது, அவ்வளவுதான். வலப்பக்க விளக்கில் கண்ணாடிக்கு உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்து, நடுப்பகலில் ஆவியாகி, ராத்திரி மறுபடி கோத்துக்கொள்கிறது. இப்போது ரிஃப்ளெக்டர் ஓரம் பால் படிந்த மாதிரி வெளுத்துவிட்டது.

வாரண்டி ஒரு வருடம் என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறது. ஆனால் உள்ளூர் மெக்கானிக் மாட்டியதால் வாரண்டி செல்லாது என்கிறீர்கள். கழற்றி மாட்டினால் போதும் என்று எழுதியது நீங்கள்தானே? ஒரு வயரைக்கூட வெட்டவில்லை. பழைய ஹோல்டரிலிருந்து பிளக்கை உருவி உங்கள் விளக்கில் செருகி, ரிங்கை மாட்டி மூன்று ஸ்க்ரூ முடுக்கினோம். இதற்கு மன்னார்குடியில் உங்கள் சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள், அங்கேயே கொண்டு போயிருப்பேன். ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும் என்று இன்னொரு பதில். எந்தப் பக்கம் வெளிச்சம் ஏறுகிறது என்று வாங்கின ஏழு நாளுக்குள் சுவரில் அடித்துப் பார்க்க வேண்டும் என்பது எந்த வாடிக்கையாளருக்குத் தெரியும்? அனுப்புவதற்கு முன் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள்.

எனக்கு எல்இடி மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை, இடப்பக்கத்துக்கு ஒழுங்காகச் செய்த எல்இடி விளக்கு பக்கத்து ஊரில் ஒருவர் வண்டியில் இருக்கிறது, அதை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் என் வண்டிக்கு உண்மையில் என்ன தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பழைய ஜீப்காரர்களுக்கு விற்கிறவர்கள், தெரிந்திருக்க வேண்டும். அந்த எலக்ட்ரீஷியன் தம்பி மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். வண்டி ஓடும்போது பேட்டரியில் 13.6 வோல்ட், ஹெட்லைட் ஹோல்டரில் 11.2. முப்பது வருடத்து வயர், பச்சை பூத்த எர்த், மொத்தக் கரண்டும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே சுற்றி வருகிறது, சுவிட்சைச் சுற்றாமல் பேட்டரிக் கரண்டை நேராக விளக்குக்கு விடுகிற ரிலே நடுவில் கிடையாது. ஹாலஜன் பல்பில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும், ஆக நான் இத்தனை வருடம் பாதி வெளிச்சத்தில்தான் ஓட்டியிருக்கிறேன். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே, பேட்டரியிலிருந்து நேராக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், ஃபியூஸ், எர்த்தைச் சுரண்டிப் புது முடிச்சு, எச்4 60/55 வாட் பல்பு இரண்டு புதிது, எல்லாம் சேர்த்துக் கூலியோடு 1,400 ரூபாய். இப்போது ஹோல்டரில் 13.2 வோல்ட் நிற்கிறது. பழைய கண்ணாடிதான், ஓரக் கல் தெரிகிறது, கரை விளிம்பு தெரிகிறது, எதிரே வருகிறவர்கள் யாரும் டிப்பர் அடிப்பதில்லை. வயரிங்கைத் தொட வேண்டாம் என்று எழுதாமல் முதலில் ஹோல்டரில் வோல்ட் பாருங்கள் என்று ஒரு வரி போட்டிருந்தால் நிறையப் பேருக்கு உதவியாக இருக்கும்.

நான் கேட்பது இதுதான். 7,800 ரூபாயையும் முழுதாகத் திருப்பித் தாருங்கள், கூப்பனோ மாற்றுப் பொருளோ வேண்டாம். உங்கள் தளத்தில் இந்த விளக்குக்குக் கீழே இருக்கிற "இந்தியச் சாலைகளுக்கு ஏற்றது" என்ற வரியை எடுங்கள், அம்பு இல்லாத சரக்கை இங்கே விற்பதை நிறுத்துங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இதே விளக்கை வாங்கினவர்கள் எல்லோருடைய போன் நம்பரும் உங்களிடம் இருக்கிறது, அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். பணம் வராவிட்டாலும்கூட இதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்களும் என்னை மாதிரி டிம்மில்தானே போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போய்க்கொண்டிருப்பார்கள்.

2020 மின்வணிக விதிகளின்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். என் முதல் மின்னஞ்சலுக்கு இரண்டு மாதம் தாண்டிவிட்டது. இந்தக் கடிதத்துக்கும் பதில் இல்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. சுவரில் எடுத்த படங்கள், பில், பெட்டி, உங்கள் பதில்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

விளக்கு இரண்டையும் நீங்கள் அனுப்பின அதே தெர்மாக்கோலில் வைத்துக் கட்டித் திண்ணை அலமாரியில் வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன். அடுத்த வாரம் எங்களுக்குச் சம்பா அறுவடை, பகலில் களத்தில் இருப்பேன், கொள்முதல் நிலையத்தில் சிப்பம் இறக்கிவிட்டு வரச் சில நாள் இருட்டிவிடும். வருகிறவர் காலை எட்டு மணிக்கு முன்னால் வந்தால் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்