எடின்பரோவுக்குப் போகும் கூட்டாளிக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் கூட்டாளிக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தரம் கேட்டேன். பேசியே பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் இது ஆறுதலாக இருந்து எழுத வேண்டிய விஷயம் என்று மனதில் பட்டது. இஞ்ச கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பத்து மணிக்குப் பிறகு வெளியே தலைகாட்ட ஏலாது. முற்றத்து வேம்புக்குக் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

“ஆகஸ்டில அஞ்சு நாள் எடின்பரோவில நிக்கப் போறன். நாடக விழாப் புத்தகத்தத் திறந்தா தலை சுத்துது. எதப் பாக்கிற எண்டு நீதான் சொல்லணும் கா” என்றாய். உன் தலை சுற்றுவதில் ஒரு பிழையும் இல்லை. நான் அக்காவின் மகளோடு போன 2019இல் அங்கே ஃப்ரிஞ்ச் என்ற அந்தக் கலைவிழாவில் 3,841 நிகழ்ச்சிகள், 323 இடங்களில். விழா நடந்தது 25 நாள். ஒரு நாள் விடாமல், நாளுக்கு ஐந்தாகப் பார்த்திருந்தாலும் 125தான் வரும். முப்பதில் ஒன்று. உனக்கு இருப்பதோ ஐந்து நாள். அதனால் நல்லது எதையாவது தவறவிட்டுவிடுவோமோ என்ற பயத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. தவறத்தான் போகிறது.

ஏன் இத்தனை என்று கேட்பாய். அங்கே யாரும் யாரையும் தெரிவுசெய்வதில்லை. 1947இல் எடின்பரோவில் பெரிய சர்வதேசக் கலைவிழா தொடங்கியபோது, அழைப்பே இல்லாமல் எட்டு நாடகக் குழுக்கள் தாங்களாக வந்து இறங்கின. ஆறு ஸ்கொட்லாந்துக் குழுக்கள், இரண்டு இங்கிலாந்துக் குழுக்கள். கிடைத்த மண்டபத்தில் ஆடினார்கள். அதில் ஒரு நாடகம் எடின்பரோவிலேயே நடக்கவில்லை. ஆற்றுமுகத்துக்கு அந்தப் பக்கம், டன்ஃபெர்ம்லின் என்ற ஊரின் பழைய தேவாலயத்தில் நடந்தது. நமக்கு வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போவது போல. அடுத்த வருஷம் ரொபர்ட் கெம்ப் என்ற நாடகாசிரியர் இவர்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதும்போது, பெரிய விழாவின் ‘விளிம்பு’ என்று பொருள்படும் ஃப்ரிஞ்ச் என்ற சொல்லைப் போட்டார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இன்றைக்கும் காசைக் கட்டிப் பதிந்து, ஆட ஓர் இடம் பிடித்துவிட்டால் எவரும் ஆடலாம். உலகம் அறிந்த நடிகரும் ஆடுவார், நேற்றுப் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையும் ஆடும். பொறுக்கி எடுக்கிற வேலை முழுவதும் பார்க்கப் போகிற நம்முடையது.

அந்த வேலை நமக்குப் புதிதா? யோசித்துப் பார். வெள்ளாமை வெட்டி முடிந்து, கோயில் சடங்கும் முடிந்தால் எத்தனை ஊரில் கூத்து! நமக்கு வீட்டில் கிடைக்கிறது ஓர் இரவுக்கு அனுமதி. அந்த ஓர் இரவை எங்கே கொடுப்பது என்று எத்தனை நாள் கதைத்திருப்போம். கூத்தில் இரண்டு வகை, உன் அம்மாவுக்குத் தென்மோடி வேண்டும், பாட்டுக்காக. எங்கள் மாமாவுக்கு வடமோடிதான், கடைசியில் போர் வர வேண்டும். அப்போது மண்முனையில் பாலம் இல்லையே. 2014இல்தானே திறந்தார்கள். துறையைக் கடந்து போக வேண்டும், விடிய விடிய இருக்க வேண்டும், வேலைநாள் என்றால் காலையில் திரும்பிவிடவும் வேண்டும். இவ்வளவு பாடுபட்டுப் போகிறபோது யாராவது “என்ன கதை?” என்று கேட்டார்களா? கதை எல்லோருக்கும் தெரியும். கர்ணன் சாவான், வாலி சாவான். மாமா கேட்டது இரண்டே இரண்டு கேள்வி. “அண்ணாவியார் ஆரு? ஆட்டக்காரன் ஆரு?” கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கிற அந்த அண்ணாவியாரின் பெயரைச் சொன்னதும் மாமாவின் முகத்திலேயே பதில் வந்துவிடும்.

நான் உனக்குச் சொல்ல வந்தது இதுதான். அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு நாடகத்துக்கும் கீழே இரண்டு வரியில் கதை போட்டிருப்பார்கள். அதை வைத்துத் தெரிவுசெய்யாதே. எல்லா நாடகத்தையும் அந்த இரண்டு வரி ஒரே மாதிரித்தான் காட்டும். யார் எழுதியது, யார் நெறியாள்கை, இந்தக் குழு இதற்கு முன் என்ன செய்தது என்று பார். ட்ரவேர்ஸ் என்று ஓர் அரங்கு இருக்கிறது, 1963இல் தொடங்கியது. புதிதாக எழுதப்பட்ட நாடகங்களுக்கு என்றே நிற்கிற இடம். அங்கே நடப்பதில் ஒன்றுக்கு மட்டும் முன்கூட்டியே டிக்கெட் எடு. மற்றதெல்லாம் அங்கே போய்த்தான்.

விமர்சகர்கள் போடுகிற நட்சத்திரங்களை நம்பி நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ரோயல் மைல் என்று ஒரு நீண்ட கல் தெரு, கோட்டையிலிருந்து கீழே இறங்கும். அந்தத் தெரு முழுக்க வேஷத்தோடு நின்று துண்டுப்பிரசுரம் கொடுப்பார்கள். சுவரொட்டிகளில் நாலு நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம் என்று ஒட்டியிருக்கும். முதல் நாள் ஐந்து நட்சத்திரம் என்றதை நம்பி ஒன்றுக்குப் போனேன். மண்டபம் நிறைந்த சனம், சிரிப்பு. எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. வெளியே வந்த பிறகுதான் அது முழுக்க நகைச்சுவைப் பேச்சு, நாடகமே அல்ல என்று விளங்கியது. அந்த விழாவில் நகைச்சுவைதான் மிகப் பெரிய பகுதி. புத்தகத்தில் எந்தப் பகுதிக்குள் இருக்கிறது என்பதை முதலில் பார். நட்சத்திரத்தை விட, துண்டுப்பிரசுரம் தருகிறவரிடம் ஒரு கேள்வி கேள்: “இதில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?” ஆடுகிறவரே நின்று தருகிறார் என்றால், ஒரு நிமிஷம் அவரோடு கதைத்தாலே அந்த மனுஷன் உன்னை ஒரு மணித்தியாலம் இருத்தி வைப்பாரா என்று தெரிந்துவிடும். நீ வகுப்பறையில் முப்பது வருஷம் நின்றவள், உனக்கு அது தெரியாமல் போகாது.

இன்னொன்றை இதுவரை உனக்குச் சொல்லவில்லை. நான் போன அந்த 2019 சித்திரையில் இங்கே சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் சில மாதம்தான் ஆகியிருந்தது. ஊரில் நாலு பேர் ஓர் இடத்தில் கூடவே பயந்திருந்த காலம். எடின்பரோவில் முதல் மண்டபத்தில் கதவை மூடி விளக்கை அணைத்ததும் எனக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிட்டது. கையில் இருந்த புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்தபடி இருந்தேன். மேடையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அடுத்த நாளிலிருந்து கதவுக்குப் பக்கத்துக் கதிரையைப் பிடித்தேன், சின்ன இடங்களாகப் பார்த்துப் போனேன். பயத்தில் செய்ததுதான். ஆனால் சின்ன இடங்களில்தான் நான் நல்ல நாடகங்களைப் பார்த்தேன்.

ஒரு மதுக்கடைக்குக் கீழே நிலவறை. கல் சுவர் ஈரமாக இருந்தது. கதிரை முப்பது இருக்கும், வந்திருந்தது ஏழு பேர். ஒரு பெண் தனியாக ஆடினாள், தகப்பனின் செத்த வீட்டுக்குத் திரும்பி வருகிற மகளாக. பொருள் என்று சொல்ல ஒரு தண்ணீர்க் குவளை மட்டும். அந்தக் குவளையை அவள் தகப்பனுக்குப் பருக்குகிறபோது, இல்லாத தலையின் கீழே இடது கையைக் கொடுத்தாளே, அந்தக் கை பாரத்தில் நடுங்கியது. எங்கள் அப்பாவுக்குக் கடைசி நாட்களில் நான் தண்ணீர் பருக்கிய கை அது. அவள் ஆங்கிலம் வேகமாகப் பேசினாள், பாதி எனக்குப் பிடிபடவில்லை. அந்தக் கை போதும். முடிந்த பிறகு வாசலில் வாளி பிடித்துக்கொண்டு நின்றாள். டிக்கெட் இல்லாத காட்சிகள் அங்கே நிறைய, போகும்போது மனம் விரும்பியதைப் போடுவது. அரங்கேற்றம் முடிந்து கூத்தர்கள் வீட்டுக்கு வீடு ஆடப் போகிறபோது நாம் கொடுப்பதில்லையா, அதேதான். அவளுடைய முகம் முழுக்க வியர்வை. ஏழு பேருக்கு ஆடினாலும் முழுசாக ஆடியிருந்தாள். நீயும் இப்படி ஒன்றுக்காவது போ. வாளிக்கு என்று தனியாகக் காசு வைத்துக்கொள். அங்கே வருகிற பல குழுக்கள் மண்டபத்துக்கும் தங்குமிடத்துக்கும் கொடுத்துவிட்டு நட்டத்தோடுதான் வீடு போகின்றன.

சமர்ஹோல் என்ற இடத்தையும் எழுதி வை. முன்பு மிருகவைத்தியக் கல்லூரியாக இருந்தது. உடல் அறுத்துப் படிப்பித்த படிக்கட்டு வகுப்பறையில்கூட நாடகம் போடுகிறார்கள். நான் போனபோது அங்கே ரவுண்டபவுட் என்று வட்டமான கொட்டகை ஒன்று நின்றது. கழற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பூட்டுவார்களாம். நாலு பக்கமும் சனம், நடுவில் ஆட்டம். உள்ளே போய் இருந்ததும் எதிர்ப்பக்கத்து முகங்கள் தெரிந்தன. நாடகம் தொடங்கவே இல்லை, எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அக்காவின் மகளுக்கு விளங்கவில்லை. சுற்றிவரச் சனம் இருக்க நடுவில் கூத்தாடுகிற வட்டக் களரியை அவள் பார்த்து வளரவில்லை. உனக்கு விளங்கும். கட்டியகாரன் வந்து நிற்கிறபோது, அவனுக்குப் பின்னால் லாம்பு வெளிச்சத்தில் அந்தப் பக்கத்துச் சனத்தின் முகமும் தெரியுமே, யார் சிரிக்கிறார்கள், யார் தூங்கி விழுகிறார்கள் என்று. அதைப் பார்க்காமல் கூத்துப் பார்த்ததாக ஆகுமா?

பேராசிரியர் வித்தியானந்தன் அறுபதுகளில் கர்ணன் போரையும் இராவணேசனையும் சுருக்கி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனதைப் பற்றி நாம் எவ்வளவு சண்டை பிடித்திருக்கிறோம். நீ அது வேண்டும் என்பாய், படித்தவர்கள் கூத்தை மதிக்கத் தொடங்கியதே அதனால்தான் என்பாய். நான் களரியை விட்டதும் உயிர் போயிற்று என்பேன். பிறகு சீலாமுனையில் ஜெயசங்கர் ஆட்கள் ஊர்ச் சனத்தோடு இருந்து கூத்து மீளுருவாக்கம் செய்தபோது நான் அவர்கள் பக்கம் சாய்ந்து நின்றதும் உனக்குத் தெரியும். ஆனால் எடின்பரோவில் பெரும்பாலான நாடகங்கள் ஒரு மணித்தியால அளவில் முடிகிறதைப் பார்த்த பிறகு, சுருக்கினதில் பிழை இல்லை என்று நினைக்கிறேன். ஒரு மணித்தியாலத்திலும் உயிரைக் கொடுக்கலாம். வட்டத்தை உடைத்ததுதான் எனக்கு இன்னும் நோகிறது. இதில் உன் பக்கம் பாதி வந்துவிட்டேன், மீதிக்கு நீ ரவுண்டபவுட் போன்ற இடத்தில் இருந்து பார்த்துவிட்டு எழுது.

மறுகா, நடைமுறை விஷயம் கொஞ்சம். நாளுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். இரண்டுக்கு நடுவில் ஒரு மணித்தியாலமாவது விடு. ஊர் முழுக்க மேடும் படிக்கட்டும், உன் முழங்காலுக்கு அது பெரிய வேலை. வரைபடத்தில் பக்கத்தில் தெரிகிற இடம் பாலத்துக்குக் கீழே கிடக்கும். பிந்திப் போனால் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். தொடக்க நாட்களில் முன்னோட்டக் காட்சிகள் விலை குறைவு. கடைசி ஒரு நாளை முழுக்க வெறுமையாக வைத்திரு. முதல் நாலு நாளும் வரிசையில் நிற்கிறபோது முன்னால் பின்னால் நிற்கிறவர்களிடம், “எது மனதில் நிற்கிறது?” என்று கேட்டுக்கொண்டு வா. நல்லதா என்று கேட்காதே, எல்லோரும் நல்லது என்றே சொல்வார்கள். இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னால் கடைசி நாள் அதற்குப் போ. அந்த ஐந்து நாளில் ஒன்றாவது நமக்கு மொழியே தெரியாத ஊர்க் குழுவுடையதாக இருக்கட்டும்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுத வேறொரு காரணமும் உண்டு. என்னிடம் நாடகமும் அரங்கியலும் படித்த பிள்ளைகள் எட்டுப் பேர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். வருகிற மார்ச் 27, உலக நாடக நாளை ஒட்டி, மூன்று பின்னேரம் கல்லடியில் வீட்டு வளவுகளிலேயே சின்ன நாடகங்கள் போட வேண்டுமாம். ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம். கொஞ்சக் காலத்துக்கு முன் இதே பிள்ளைகளின் நாடகத்தை ஒரு விழாவில் தெரிவுக்குழு காரணம் சொல்லாமலே தள்ளிவிட்டது. எத்தனை இரவு ஒத்திகை பார்த்த நாடகம் அது! இந்தத் தரமும் ஒரு பிள்ளை, “மிஸ், தெரிவுக்குழுவில ஆரப் போடுற?” என்று கேட்டது. யாரையும் போடுவதில்லை என்றேன். வருகிற எல்லோரும் ஆடட்டும். எந்த வளவுக்குள் போய் இருப்பது என்று சனம் தெரிவுசெய்யட்டும். நம் சனத்துக்கு அது தெரியும்.

அதனால் நீ எனக்காகச் சிலதைக் கவனித்துக்கொண்டு வா. ஒரே அறையில் ஒரு நாடகம் முடிந்து கால் மணித்தியாலத்துக்குள் அடுத்தது எப்படித் தொடங்குகிறது, பொருட்களை யார் தூக்குகிறார்கள், எங்கே வைக்கிறார்கள். மூன்று நாலு விளக்கை வைத்துக்கொண்டு இரவையும் பகலையும் எப்படிக் காட்டுகிறார்கள். பக்கத்து அறைச் சத்தம் வருகிறபோது ஆடுகிறவர் என்ன செய்கிறார். இங்கே பக்கத்து வளவில் நாய் குலைக்கும், கோயில் ஒலிபெருக்கி போடும், அதனால் இது எனக்குக் கட்டாயம் வேண்டும். வாளியை எந்த இடத்தில், எந்த நேரம் நீட்டுகிறார்கள் என்பதையும் பார். முடிந்தால் சின்னப் படங்கள் கீறி அனுப்பு, நீ முன்பு கூத்தர்கள் போடுகிற கரப்புடுப்பைக் கீறித் தந்தாயே, அது போல.

மெல்லிய மழைச்சட்டை ஒன்று பைக்குள் வை, ஆகஸ்டிலும் அங்கே மழையும் குளிரும்தான். மார்கழியில் வரும்போது அந்தத் தடித்த புத்தகத்தையும் கொண்டு வா. நீ கோடு போட்ட பக்கங்களையும், போகாமல் விட்டவற்றையும் பிள்ளைகளோடு இருந்து பார்க்க வேண்டும்.

உன் பழைய கூட்டாளி