தண்ணீர் கேட்டால் சோடா வரும் நாடு

பிராங்க்பர்ட், ஜெர்மனி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். அங்கு அனைவரின் நலமறிய ஆவல். கோடையில் என்ன குடிக்கிறாய், கண்ட குளிர்பானங்களையும் வாங்கி வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

இங்கே உணவகத்தில் வெறுமனே தண்ணீர் என்று கேட்டால், பெரும்பாலும் கேஸ் ஏற்றிய தண்ணீரைத்தான் கொண்டுவந்து வைப்பார்கள். கேஸ் வேண்டாம் என்பதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். கடைகளில் தண்ணீருக்கென்றே நீளமான வரிசை உண்டு: ‘கிளாசிக்’ நாக்கைச் சுள்ளென்று பிடிக்கும், ‘மீடியம்’ மிதமாக இருக்கும், ‘ஸ்டில்’ சாதாரணத் தண்ணீர். இனிப்பு, உப்பு எதுவும் சேராத வெறும் சோடாவை இவர்கள் சாப்பாட்டோடு சாவகாசமாகக் குடிப்பதைப் பார்த்து முதலில் வியந்தேன். ஆனால் இது இன்று நேற்று வந்த பழக்கம் அன்று. இதே ஹெஸ்ஸன் மாநிலத்தில் உள்ள நீடர்செல்டர்ஸ் என்ற ஊரின் ஊற்றுநீர் இயற்கையாகவே நுரைத்து வருவது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அதை மண்குடுவைகளில் அடைத்துத் தூரதேசங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

பாட்டிலுக்கும் முன்பணம் உண்டு. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட். கழுவி மீண்டும் நிரப்பும் தண்ணீர் பாட்டிலுக்குப் பெரும்பாலும் 15 சென்ட். காலி பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தின் வட்டமான வாயில் படுக்கவைத்தால், அது பாட்டிலைச் சுழற்றி, அதன் மேலுள்ள குறியைப் படித்து, உள்ளே இழுத்துக்கொள்ளும். கடைசியில் பொத்தானை அழுத்தினால் வரும் சீட்டைக் கல்லாவில் கொடுத்துப் பணத்தைக் கழித்துக்கொள்ளலாம். சனிக்கிழமைகளில் மூட்டை மூட்டையாகப் பாட்டில்களுடன் வருபவர்களுக்குப் பின்னால் நிற்க நேர்ந்தால் மட்டும் பொறுமை வேண்டும்.

இனிப்பு பானங்களில் ஃபேன்டா இந்த நாட்டில் பிறந்தது என்பது உங்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். போர்க்காலமான 1940-இல் கோலா தயாரிக்கும் மூலப்பொருள் கிடைக்காமல் போகவே, பால் திரிந்தபின் மிஞ்சும் நீரையும் ஆப்பிள் சக்கையையும் கொண்டு அதை உருவாக்கினார்களாம். இன்றைய ஆரஞ்சு சுவை பிறகு வந்தது. கோலாவையும் ஆரஞ்சு பானத்தையும் கலந்த ‘ஷ்பெட்ஸி’யும் இங்கே பெயர்பெற்றது. என்னைக் கேட்டால், அதில் இரண்டு சுவையுமே கெட்டுப்போகிறது.

எனக்குப் பிடித்தது ‘அப்ஃபெல்ஷோர்லே’. ஆப்பிள் சாற்றில் சோடாவைக் கலப்பது, அவ்வளவுதான். சாற்றின் திகட்டல் போய், அதன் புளிப்பு மட்டும் துலங்கி நிற்கும். வீட்டில் கலக்கும்போது நான் சோடாவைச் சற்றுத் தூக்கலாகவே ஊற்றுவேன். சாறும் சோடாவும் முன்கூட்டியே நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். கரியமில வாயு குளிர்ந்த நீரில்தான் அதிகம் கரைந்து நிற்கும் என்பதால், சூடேற ஏற அது வெளியேறி, பானம் சப்பென்று ஆகிவிடும். இங்கே ஐஸ் கட்டியை அள்ளிப் போடும் வழக்கமும் குறைவு.

இவ்வளவு சொன்னாலும், நாள் முழுவதும் நான் குடிப்பது குழாய்த் தண்ணீரைத்தான். குடிநீருக்கென்று தனிச் சட்டவிதிகள் வைத்துத் தொடர்ந்து சோதிக்கிறார்கள். ஆகவே கொதிக்கவைக்கத் தேவையில்லை. காலையில் குழாயைச் சற்று நேரம் ஓடவிட்டு, குளிர்ந்து வரும் நீரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை, கவலைப்படாதீர்கள். அம்மாவிடமும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்