பாட்டுப் பட்டியலைத் திருத்தித் தந்த பூக்கடை அண்ணனுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

  சிங்கப்பூரின் ஈசூன் பக்கம் நாங்கள் ஏற்பாடு செய்த தந்தையர் தினப் பாட்டு நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்தது, நன்றாகவே நடந்தது. கடைசிப் பாட்டு முடிந்த பிறகும் பலர் நாற்காலியை விட்டு எழவில்லை. நெஞ்சு நிறைந்திருக்கும்போதே நன்றியைச் சொல்லிவிடுகிறோம்.

முதல் நன்றி லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பூ கட்டும் அண்ணனுக்கு. பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். பூமாலைக்கு முன்பணம் கொடுக்கப் போன இடத்தில், கையிலிருந்த பாட்டுப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஒரு நிமிஷம் குடுங்க" என்று வாங்கினார். கேசட் காலத்தில் சிராங்கூன் சாலைக் கடை ஒன்றில், வாடிக்கையாளர் எழுதிக் கொடுக்கும் பாட்டுகளைப் பதிந்து தந்தவர் அவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த ஒரு நிமிஷம் ஒன்றரை மணி நேரமானது. பாதி கட்டிய மல்லிகைச் சரம் மேசையில் அப்படியே கிடந்தது. பூ மடிக்கும் தாளைத் திருப்பிப் போட்டு, நீலப் பேனாவால் மூன்று பத்தி பிரித்தார்: அப்பா பிள்ளைக்குப் பாடுவது, பிள்ளை அப்பாவுக்குப் பாடுவது, அப்பா போன பிறகு பாடுவது.

பட்டியலில் இருந்த 22 பாட்டில் 14 முதல் பத்தியில் போய் விழுந்தன. நடுப் பத்தியில் மூன்றே மூன்று. "அப்பாவைக் கொண்டாடணும்னு கூப்பிட்டுட்டு, அப்பாவையே எழுந்து பாடச் சொல்றீங்களேப்பா" என்றார்.

உண்மைதான். அப்பா பாட்டு என்றதும் நம் வாயில் வருபவை எவை? 'வா வா என் தேவதையே' (2008), 'ஆரிரோ ஆராரிரோ' (2011), 'ஆனந்த யாழை' (2013), 'கண்ணான கண்ணே' (2019). நான்கும் அப்பா மகளுக்குப் பாடுபவை. பாதிக்கு மேல் தாலாட்டு நடை. மகன் மட்டும் உள்ள அப்பாவுக்கு இவற்றில் இடமில்லை. 'மகளே' வரும் இடத்தில் 'மகனே' போட்டுப் பாடினால் என்ன என்று நாங்கள் கேட்டோம். அந்த ஒரு சொல்லில் சந்தம் உடையாது, ஆனால் அடுத்த வரியில் தேவதையோ கொலுசோ வந்து நிற்கும் என்றார். சொல்லை மாற்றாதீர்கள், பாட்டை மாற்றுங்கள்.

பல்லவியைக் கேட்டுப் பாட்டு எடுக்கக்கூடாது என்பது அவர் அழுத்திச் சொன்ன அடுத்த விஷயம். பல்லவி தெய்வம் என்று புகழும், இரண்டாம் சரணத்தில் சாவு வரும். 'தெய்வங்கள் எல்லாம் தோற்றே போகும்' பாட்டைத் தொடக்கப் பாட்டாக வைத்திருந்தோம். அது இழப்பின் இடத்தில் வரும் பாட்டு. இப்போதுதான் அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளை முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தால் அந்த மாலை முழுக்க அவருக்குப் பாரம். அதற்காக அந்தப் பத்தியையே அடித்துவிடவும் இல்லை, அப்பா இல்லாதவர்களும் வருவார்கள் அல்லவா! இரண்டை மட்டும் வைத்து, ஏழாவதாகவும் எட்டாவதாகவும் போட்டு, ஒன்பதாவதாகத் துள்ளலான பாட்டு ஒன்றைச் சேர்த்தார். அழுதவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்ட அந்தப் பாட்டு வழிவிட்டது.

பிறகு கணக்கு. 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு ஆறு போட்டால் 27. ஏழாவதை நுழைத்தால் பாதியில் அறுந்துவிடும். அதே கணக்கை எங்கள் ஒன்றரை மணி நேர நிகழ்ச்சிக்கும் போட்டார். பாட்டுக்கு ஐந்து நிமிடம், ஆள் மாறி மைக் சரிசெய்ய இரண்டு, ஆகப் பாட்டுக்கு ஏழு. 12 பாட்டுக்கு 84 நிமிடம். 22 பாட்டு என்றால் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டியிருக்கும்! முதல் பத்தியில் ஏழு, நடுவில் மூன்று, கடைசியில் இரண்டு என்று நின்றது. தாலாட்டு நடைப் பாட்டு இரண்டுக்கு மேல் தொடர்ந்து வரக்கூடாது. மூன்றாவதில் கூட்டம் கைத்தொலைபேசியை எடுத்துவிடும்.

சுருதிதான் எங்களைக் காப்பாற்றிய இடம். பாடப்போகிறவர்கள் பயிற்சி இல்லாத மகன்களும் அப்பாக்களும். பல்லவி எளிதாக வரும், சரணத்தின் உச்சியில் தொண்டை அடைக்கும். அதனால் ஒத்திகையைச் சரணத்தின் மேல் வரியிலிருந்தே தொடங்கச் சொன்னார். அது எட்டாவிட்டால் சுருதியைக் குறைக்க வேண்டும். கரோக்கே இயந்திரத்தில் ஓர் அழுத்து அரைச்சுரம். ஆனால் நாம் சுருதியைச் சொல்லும் அளவான கட்டையில், கட்டைக்குக் கட்டை இடைவெளி ஒன்றல்ல. ஐந்திலிருந்து நாலு கட்டைக்கு இறங்க இரண்டு அழுத்து, நாலிலிருந்து மூன்றுக்கு ஒரே அழுத்து. "ஒரு கட்டை குறை" என்று சொன்னால் இயக்குபவர் ஒருமுறை அழுத்துவார், பாடகர் உச்சியில் திணறுவார். ஆகவே எத்தனை அழுத்து என்றே தாளில் எழுதச் சொன்னார். மூன்று, நாலுக்கு மேல் குறைத்தால் பல்லவியின் கீழ்ச்சுரம் காற்றாகிவிடும், வாத்தியமும் மந்தமாகும். அதற்கும் எட்டாத பாட்டு அந்தக் குரலுக்கானதல்ல, வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

இத்தனையும் சொல்லிவிட்டு மல்லிகையைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார்.

மற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். பாட்டுகளைப் பொதுவில் பாட உரிமம் தரும் காம்பஸ் (COMPASS) அமைப்புக்கான விண்ணப்பத்தை இரவோடு இரவாக நிரப்பித் தந்த தங்கை, பாட்டு வரிகளைப் பெரியவர்களுக்காக 20 புள்ளி எழுத்தில் அச்சிட்ட பள்ளி மாணவர்கள், பின்னணி இசைக் கோப்புகளில் இரண்டு சரணமும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்த தொண்டூழியர்கள், தே தாரே (இழுத்து ஆற்றும் பால் தேநீர்) கலக்கிக்கொண்டே இருந்த நான்காம் மாடி அம்மா, எல்லாருக்கும் நன்றி.

வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறையில் வெளிநாட்டு ஊழியர் விடுதியிலிருந்து வந்து நாற்காலி தூக்கிய தம்பிகளைத் தனியே சொல்ல வேண்டும். அவர்களில் பலர் அப்பாக்கள். 'ஆனந்த யாழை' தொடங்கியதும் ஒருவர் தூண் ஓரமாக நின்று, ஊரில் இருக்கும் மகளைக் காணொளியில் அழைத்து, கைத்தொலைபேசியை ஒலிபெருக்கி பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டு முதல் பத்தியில் இருந்தது சரிதான் என்று அப்போது தோன்றியது. மேடையில் மகன்கள் அப்பாவைப் பாடட்டும். ஆனால் பிள்ளையைத் தூக்கமுடியாத தூரத்தில் இருக்கும் அப்பாவுக்கு அந்தத் தாலாட்டு வேண்டும்.

அடுத்த ஆண்டு பட்டியலை மார்ச் மாதமே தொடங்குகிறோம். பதிவுத் தாளில் மூன்று கேள்வி இருக்கும்: யார் பாடுகிறார், யாருக்கு, அவர் இப்போது நம்மோடு இருக்கிறாரா. வளர்த்த தாத்தாவுக்கோ மாமாவுக்கோ பாட விரும்புகிறவர்களும் அதிலேயே எழுதலாம். நடுப் பத்திக்குப் பொருந்தும் பாட்டு தெரிந்தவர்கள் இப்போதே சொல்லுங்கள், மூன்று போதாது.

அண்ணே, உங்கள் தாளை நகல் எடுத்து வைத்துக்கொண்டோம். மல்லிகை நாரும் நீல மையும் ஒட்டிய மூலத் தாளைப் புதன்கிழமை காலை கடைக்குக் கொண்டு வருகிறோம். பூமாலைக் காசில் நீங்கள் வாங்க மறுத்த 15 வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்) கூடவே வருகிறது, தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்.