பீலித் தண்ணீரில் யாருடைய நைதரசன்?

மலையகத்தில் குடிநீரின் தரம் பார்க்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தோட்டத்துப் பீலியில் நைத்திரேற்று கூடிவிட்டால், உடனே லயத்து மலசலகூடக் குழியின் மேல் பழி விழுகிறது. தேயிலைக்குப் போடும் யூரியாவும் மரக்கறித் தோட்டத்துக் கோழி எருவும் அதே கானில்தான் இறங்குகின்றன. லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் அளந்தால், அது எங்கிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்?

நைதரசனுக்கு 14, 15 என இரண்டு நிலையான சமதானிகள், அதாவது நிறையில் மட்டும் வேறுபட்ட அணுக்கள், உண்டு. (கதிர்வீச்சு கிடையாது, பயம் வேண்டாம்.) காற்றிலுள்ள 15 அளவைப் பூச்சியமாக வைத்தே மற்றவற்றை ஒப்பிடுவார்கள். காற்றிலுள்ள நைதரசனைக் கொண்டே யூரியா செய்யப்படுவதால், அதன் 15 அளவு காற்றை ஒட்டிப் பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிற்கும். குழியிலும் எருக் குவியலிலும் அமோனியா ஆவியாகும்போது இலேசான 14 முந்திக்கொண்டு போய்விடும். மிஞ்சியதிலிருந்து வரும் நைத்திரேற்றில் 15 அளவு காற்றைவிடப் பெரும்பாலும் ஆயிரத்துக்கு 10 முதல் 20 வரை கூடியிருக்கும்.

இந்த வழி கடலோர உவர்ச் சதுப்புகளில் நன்றாகப் பழகியது. அமெரிக்காவில், ஜோர்ஜியாக் கரையின் சப்பலோ தீவில், மக்கிய சதுப்புப் புல்தான் அங்குள்ள உயிர்களுக்கெல்லாம் தீனி என்று நம்பியிருந்தார்கள். காபனைப் பிடிக்கும் முறையில் அந்தப் புல் நமது மானாப்புல்லின் கூட்டாளி. காபனின் பாரமான சமதானியான 13ஐ ஒரு நியமத்தோடு ஒப்பிட்டால், அந்தப் புல்லில் ஆயிரத்துக்கு −13 அளவில் இருக்கும், மிதக்கும் அல்காவில் −21 அளவில். தின்ற தீனியின் அளவைப் பிராணியின் உடலும் ஒட்டியிருக்கும். அவற்றின் தசையை அளந்தபோது அல்காவுக்கும் நல்ல பங்கு இருப்பது தெரிந்தது. காபன் மட்டும் போதாமல், 1980களில் பீட்டர்சன், ஹவர்த் என்ற ஆய்வாளர்கள் கந்தகத்தையும் நைதரசனையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

ஆகவே போத்தலோடு நின்றுவிடாதீர்கள். ஓடைக் கல்லில் வழுக்கும் பாசியையும் சுரண்டி எடுங்கள். பல நாள் தண்ணீரின் நைதரசன் அதில் சேர்ந்திருக்கும். காயவைத்துப் பொடியாக்கினால் சில மில்லிகிராமே, சமதானிகளை அளக்கும் திணிவு நிறமாலைமானிக்குப் போதும். லயத்துக்கு மேலேயும் கீழேயும், உரம் போட முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். 2021இல் இரசாயன உரம் தடைப்பட்டிருந்த மாதங்களில் எடுத்திருந்தால் எவ்வளவு நல்ல ஒப்பீடு கிடைத்திருக்கும்!

கோழி எருவையும் மனிதக் கழிவையும் இது பிரித்துக் காட்டாது. சேற்றில் பக்றீரியா நைத்திரேற்றைக் குறைத்தாலும் 15 ஏறும். அதனால் நைத்திரேற்றின் ஒட்சிசன் சமதானிகளையும் பார்க்க வேண்டும். ஆனால் நைதரசன் 15 அளவு பூச்சியத்துக்கு அருகில் வந்தால், குழிதான் முதற்காரணம் என்று எழுத இடமில்லை.

முடிவுகளைத் தமிழிலும் எழுதி, அந்தந்தப் பீலியடியிலேயே ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
உயர்தர உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருத்தி,
ஹற்றன்