ஆற்றில் இறங்காமலே எங்களைக் கரைசேர்த்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். அடர்ந்த காட்டின் நடுவே, செங்குத்தான பாறைச் சுவர்களுக்கிடையே பாய்ந்தோடும் ஆற்றில் கயாக் படகுகளில் பல நாள் பயணம் செய்த எங்கள் குழுவினர் அனைவரும் நலமாக வெளியே வந்து சேர்ந்துவிட்டோம். துடுப்புப் போட்டவர்கள் நாங்கள் என்பதால் பாராட்டுகள் எங்களையே தேடி வருகின்றன. அவற்றில் பெரும்பங்கு, படகில் ஒருமுறைகூட ஏறாதவர்களுக்கு உரியது என்பதைப் பொதுவில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதல் வணக்கம் பள்ளத்தாக்கின் மேல்முனையில் உள்ள ஊர் மக்களுக்கு. வெறும் கயாக்கே 20 கிலோவுக்கு மேல் இருக்கும். உணவு, மருந்து, கயிறு, கூடாரம் எல்லாம் ஏற்றிவிட்டால் 40 கிலோவை நெருங்கிவிடும். ஒற்றை ஆள் நடக்கவே இடம் போதாத மலைப்பாதையில், மரங்களுக்கிடையே திருப்பக்கூட முடியாத அந்த நீளமான சுமையை ஆற்றங்கரை வரை எங்களோடு தூக்கி வந்தீர்கள். அதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. உங்களில் மூத்தவர் ஒருவர் எங்களைக் கரையில் நிறுத்தி, எங்கள் தலைக்கும் மேலே மரக்கிளைகளில் சிக்கிக் காய்ந்து தொங்கிய சருகுகளையும் சுள்ளிகளையும் காட்டி, "தண்ணீர் அதுவரைக்கும் வந்துபோயிருக்கிறது" என்றார். ஆறு பச்சை நிறம் மாறிக் கலங்கத் தொடங்கி, அதில் சருகு மிதந்து வந்தால், மட்டம் ஏறட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே மேலே ஏறிவிடுங்கள் என்றும் சொன்னார்.

அந்தச் சொல்தான் எங்களைக் காத்தது. பாறைச் சுவர்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் ஆற்றுக்குப் பக்கவாட்டில் விரிய வழியில்லை. வரும் நீர் முழுவதும் உயர்ந்தே தீர வேண்டும். தலைக்கு மேலே வானம் வெளுத்திருந்த ஒரு மாலையில், அகலமான மணல்திட்டு ஒன்றில் தங்க ஏற்பாடு செய்துவிட்டு நீர்விளிம்பில் ஒரு குச்சியை நட்டிருந்தோம். குச்சி நனையும் முன்பே சருகுகள் வந்தன. சமைத்ததை அப்படியே எடுத்துக்கொண்டு, படகுகளைக் கயிறு கட்டி மேலே இழுத்து, பாறைத் தட்டு ஒன்றில் ஏறி அமர்ந்தோம். இருட்டிய பிறகு விளக்கடித்துப் பார்த்தபோது, அடுப்பு மூட்டியிருந்த கல்லின் மேல் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பெரியவருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் எவ்வளவு என்பதை அந்த இரவு முழுவதும் பேசிக்கொண்டிருந்தோம்.

வீட்டிலிருந்தபடியே நாள்தோறும் வானிலை அனுப்பிய தோழிக்கு அடுத்த நன்றி. எங்கள் தலைக்கு மேல் பெய்யும் மழையைவிட, எங்கோ தொலைவில் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்யும் மழையே எங்களுக்கு ஆபத்து என்பதைப் புரிந்துகொண்டு, அந்தக் கணக்கைச் சுருக்கி 160 எழுத்துகளுக்குள் அடக்கி அனுப்பினீர்கள். செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தி அனுப்பிப் பெறும் எங்கள் கருவி பயன்படுத்திய இரிடியம் செயற்கைக்கோள்கள் சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் விரைந்து நகர்பவை. பள்ளத்தாக்கிலிருந்து தெரியும் வானமோ ஒரு கீற்று. அந்தக் கீற்றை ஒரு செயற்கைக்கோள் கடக்கும் வரை, ஆற்றோரப் பாறையில் கருவியை வைத்துவிட்டுக் காத்திருப்போம். எங்கள் பதில் வரத் தாமதமான இரவுகளில் நீங்கள் உறங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இதே ஆற்றில் எங்களுக்கு முன் சென்று, குறிப்புகளைத் தயங்காமல் கொடுத்த படகோட்டிகளுக்கும் நன்றி. ஆற்றின் கடுமையை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிப்பது உலக வழக்கம். ஆனால் "ஐந்தாம் தரம்" என்ற ஒரு சொல்லைவிட, "வளைவுக்கு முன்பே இடக்கரையில் ஒதுங்குங்கள், அதன் பிறகு ஒதுங்க இடமில்லை" என்ற உங்கள் ஒரு வரி ஆயிரம் மடங்கு பயனுள்ளது. பாறைகளுக்கு அடியில் நீர் புகுந்து மறையும் இடுக்குகளை நீங்கள் குறித்துத் தந்திருந்ததால், அங்கெல்லாம் வீண் துணிச்சல் காட்டாமல் படகுகளைத் தோளில் சுமந்து கடந்தோம். நீர் குறைந்த பருவத்தில் போகச் சொன்னதும் நீங்கள்தான். 2002ஆம் ஆண்டில் திபெத்தின் சாங்போ பள்ளத்தாக்கில் இறங்கிய குழுவினரும் அதே காரணத்தால் குளிர்காலத்தையே தேர்ந்தெடுத்தார்கள் என்று நீங்கள் எடுத்துச்சொன்ன பிறகுதான் எங்கள் அவசரம் அடங்கியது.

பிளாஸ்டிக் பழுதுபார்க்கும் அண்ணனைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டால்தான் அது மேலும் ஓடாது என்று உங்கள் பட்டறையில் கற்றுக்கொடுத்தீர்கள். பாறையில் மோதி ஒரு படகின் அடிப்பகுதி கீறிக்கொண்டபோது, அதை நெருப்பருகே நன்றாக உலர்த்தி, பழுக்கக் காய்ச்சிய ஆணியால் இரு முனைகளிலும் துளையிட்டு, நீங்கள் கொடுத்தனுப்பிய தார்ப்பட்டையைச் சூடாக்கி அழுத்தி ஒட்டினோம். கடைசி நாள் வரை அது பிரியவில்லை.

நாள் முழுவதும் நனைந்தே இருக்கும் கால்களைக் காக்கவும், எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கவும் வழிசொன்ன மருத்துவருக்கும், அனுமதியை உரிய காலத்தில் வழங்கிய வனத்துறை அலுவலர்களுக்கும், எங்களை அனுப்பிவைத்த குடும்பத்தினருக்கும் எங்கள் வணக்கம்.

எங்கள் குழுவிலேயே ஒருவருக்கும் தனியே நன்றி சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெரிய இறக்கத்திலும் தன் முறையை விட்டுக்கொடுத்து, மீட்புக் கயிற்றுப் பையுடன் கீழ்ப்பாறையில் முதலில் போய் நின்றவர் அவர். விழும் நீர் பின்னோக்கிச் சுருண்டு ஆளை விடாமல் பிடித்துக்கொள்ளும் ஓரிடத்தில் எங்களில் ஒருவர் படகை விட்டு வெளியேற நேர்ந்தபோது, முதல் வீச்சிலேயே கயிறு அவர் மார்பின் குறுக்கே வந்து விழுந்தது. இத்தனை நிதானமான கையை நாங்கள் வேறெங்கும் பார்த்ததில்லை.

மண்சரிவால் ஆறு புதிதாக உருமாறியிருக்கும் பகுதிகளை வரைந்து வைத்திருக்கிறோம். குறிப்புகள் தந்த அனைவருக்கும் அதன் படியை அனுப்பிவைக்கிறோம். ஊர்ப் பெரியவரிடம் நேரில் கொண்டுவந்து தருகிறோம்.

மிக்க நன்றியுடன்,
பயணக் குழுவினர்