கிளியர்னு சொன்னது நான்தான்

கம்மவான்பேட்டை
16.11.2024

அன்புள்ள மாப்ளே,

போனில் பேசலாமென்றால் உன் காது விடமாட்டேன் என்கிறது. போன தடவை நான் "முட்டி வலி" என்றது உனக்கு "முட்டை விலை" என்று கேட்டு, நாமக்கல் நிலவரத்தைப் பத்து நிமிஷம் சொன்னாய். நான் கத்துவதைக் கேட்டு, வீட்டில் சண்டையோ என்று பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வெடி வைத்துப் பாறை பிளந்த காது, இத்தனை வருஷம் வேலை செய்ததே பெரிசு. அதனால்தான் கடிதம். இன்னொரு காரணமும் இருக்கிறது. அது கத்திச் சொல்கிற விஷயம் இல்லை.

ஜூலை கடைசியில் வயநாட்டில் மலை சரிந்தபோது நீயும் டி.வி. முன்னால்தான் உட்கார்ந்திருப்பாய். சூரல்மலையிலிருந்து முண்டக்கைக்குப் போகிற பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அக்கரையில் ஜனங்கள், இக்கரையில் ஜே.சி.பி. நாம் இருந்த பெங்களூர் ராணுவப் பொறியாளர் சென்டரிலிருந்து பசங்க கிளம்பினார்கள். பெங்களூரிலிருந்து லாரியில் கொஞ்சம் சாமான், டெல்லியிலிருந்து விமானத்தில் கண்ணூருக்குக் கொஞ்சம். 31ஆம் தேதி ராத்திரி ஆரம்பித்து மறுநாள் சாயங்காலம் முடித்துவிட்டார்கள். 190 அடி பெய்லி, அதாவது பேனல் என்கிற இரும்புச் சட்டங்களைப் பின் போட்டு இணைத்துக் கட்டுகிற பாலம். 24 டன் தாங்குகிற கிளாஸ். அதுவும் அந்த மழையில்.

நான் உடனே காலண்டரின் பின்பக்கம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். பேனல் ஒன்று பத்தடி, அப்படியென்றால் ஒரு வரிசைக்குப் பத்தொன்பது. ஒன்றின் எடை 570 பவுண்டு, 260 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ஆறு பேர் தூக்கு. எண்ணும்போதே தோள்பட்டை வலிக்கிறது மாப்ளே, சத்தியமாக. டி.வி.யில் ஒரு பையன் "மாயாஜாலம் போல் எழுந்த பாலம்" என்றான். எனக்கு வந்ததே கோபம். மாயாஜாலமா? அல்சூர் ஏரிக்கரையில் கட்டு, பிரி, மறுபடி கட்டு, மறுபடி பிரி என்று உயிரை வாங்கினார்களே, அதற்குப் பெயர் மாயாஜாலமா? வேலையை நடத்தியது ஒரு பெண் அதிகாரி, மேஜர் சீதா ஷெல்கே. பாலத்தின் மேல் அவர் நிற்கிற படத்தைப் பார்த்துவிட்டு உன் தங்கச்சி சொன்னாள்: "அவங்க ஒரே நாள்ல ஆத்தைத் தாண்டிட்டாங்க. பாத்திரம் கழுவுற இடத்துல ரெண்டு கல்லு பதிக்க நீங்க ஆறு மாசமா அளந்துக்கிட்டே இருக்கீங்க."

பேத்தி சிவில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள் என்று சொன்னேன் இல்லையா, அவள் விடவில்லை. "அந்தப் பக்கம் ஆளில்ல, நடுவுல சாரமில்ல. எப்படித் தாத்தா பாலம் தாண்டிப் போகுது?" மேசை ஓரத்தில் ஒரு ஸ்கேலை வைத்துத் தள்ளச் சொன்னேன். பாதி தாண்டியதும் விழுந்தது. இப்போது பின்னால் நாலு காசு வைத்துத் தள்ளு என்றேன். இன்னும் கொஞ்ச தூரம் போனது. அவ்வளவுதானே விஷயம். முன்னால் தரைப்பலகை இல்லாத வெறும் எலும்புக்கூடாக நோஸ், பின்னால் பாலத்தின் முழுக் கனம், அடியில் ரோலர். எடையின் மையம் ரோலருக்கு இந்தப் பக்கமே இருக்கிறவரை தள்ளிக்கொண்டே போகலாம். நுனி தொங்கும், அதற்கு லிங்க் என்கிற இணைப்புத் துண்டு போட்டு மூக்கை நிமிர்த்திவிடுவோம். "கேண்டிலீவர்தானே இது" என்றாள் அலட்சியமாக. அந்தரத்தில் நீட்டி நிற்பதற்கான அந்த வார்த்தையை நான் படித்தது முப்பது வயதுக்கு மேல், பூனாவில், ஏ.எம்.ஐ.இ. என்கிற என்ஜினீயரிங் பரீட்சைக்கு ராத்திரி உட்கார்ந்தபோது. சங்கதி மட்டும் பத்தொன்பது வயதிலேயே தோளுக்குத் தெரியும்.

அப்புறம் அவள் கேட்டதுதான். "பேனலையும் பேனலையும் பின் போட்டு இணைக்கணும்ல, ரெண்டு துளையும் நேரா வந்திருச்சான்னு இருட்டுல எப்படிப் பார்ப்பீங்க?" கேட்டுவிட்டு என் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். நான் டீ கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன்.

அது ஆகஸ்டில். இந்த மாசம் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கப் போனேன். கம்ப்யூட்டர் சென்டர் பையன் ரேகை மெஷினில் விரலை வைக்கச் சொன்னான். ஆள்காட்டி விரலில்தான் நுனியே இல்லை. சரி என்று மற்றதை வைத்தேன். கட்டை விரல், நடுவிரல், இடது கை, எண்ணெய் தடவி, துடைத்து, மறுபடி வைத்து, ஒன்றும் விழவில்லை. சிமெண்டும் இரும்பும் தின்ற கை. "தாத்தா, உங்க கையில ஒண்ணுமே இல்லையே" என்றான். கடைசியில் போனில் முகத்தைக் காட்டி, கண்ணைச் சிமிட்டச் சொன்னான். சிமிட்டினேன். உயிரோடு இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார்கள். எண்பது தாண்டினால் பென்ஷன் இருபது சதவீதம் கூடும், இன்னும் ஆறு வருஷம் சிமிட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்தும் அந்த விரல் மனதை விட்டுப் போகவில்லை. மாப்ளே, இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

73இல் அந்த ராத்திரிப் பயிற்சி. விளக்கு கிடையாது, சத்தம் கூடாது. துளை பார்ப்பது நான், பின்னை அடிக்கிற சம்மட்டி உன் கையில். துளையில் விரலை விடாதே என்று பயிற்சி கொடுத்த உஸ்தாத் ஆயிரம் தடவை சொன்னதுதான். பக்கத்துப் பார்ட்டி நம்மை முந்திவிடுவான் என்கிற அவசரத்தில் விரலை விட்டுத் தடவினேன். நீ "கிளியரா?" என்று கேட்டாய். நான் "கிளியர்" என்றேன். விரல் உள்ளே இருந்தது. அப்புறம்தான் நீ அடித்தாய்.

விசாரணையில், நீ கேட்டது ஞாபகம் இல்லை என்று சொன்னேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. உத்தரவை மீறினேன் என்று எழுதிவிடுவார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அப்போதுதான் என் தங்கை கல்யாணத்துக்குக் கடன் வாங்கியிருந்தோம். உனக்குத் தண்டனை, கைக்கு வரவேண்டிய லான்ஸ் நாயக் பட்டை ஒரு வருஷம் தள்ளிப்போனது. நீயோ, கேட்காமல் அடித்துவிட்டோமோ என்று உன் காதையே சந்தேகப்பட்டுக்கொண்டு, சாயங்காலம் ஆனால் லங்கர் சமையலறையிலிருந்து ரொட்டியும் பருப்பும் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் எனக்கு ஊட்டினாய். அப்போது உன் காது நன்றாகத்தான் இருந்தது.

97இல் பென்ஷன் வந்த பிறகு கம்பெனி வேலையில் பதிமூன்று வருஷம், எந்த சைட்டுக்குப் போனாலும் முதல் நாள் இந்த விரலைக் காட்டித்தான் பாடம் ஆரம்பிப்பேன். என்ஜினீயர் பசங்க முகம் வெளுத்துப் போவார்கள். விரலைக் காட்டியே சம்பளம் வாங்கினேன் என்று வைத்துக்கொள். "கிளியர்" என்று சொன்னது யார் என்பதை மட்டும் ஒருவரிடமும் சொன்னதில்லை. பேத்தியிடம் நேற்று சொல்லிவிட்டேன். "அந்தத் தாத்தாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

திட்டுவதென்றால் எழுதாதே, உன் கையெழுத்து எனக்குப் புரிந்ததே இல்லை. நேரில் வா. காட்பாடியில் இறங்கினால் பையன் வண்டியோடு நிற்பான். கேன்டீன் கோட்டாவில் வாங்கிய ரம் இரண்டு பாட்டில் அப்படியே இருக்கிறது. எனக்குச் சர்க்கரை, தொடக்கூடாது, நீ குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் மட்டும் கொண்டுவா. அதையும் தொடக்கூடாதுதான். உன் தங்கச்சி தூங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நீ லைஃப் சர்டிபிகேட் கொடுத்துவிட்டாயா? 30ஆம் தேதிக்குள் கொடுத்துவிடு. உன் விரல் பத்தும் முழுசாக இருக்கிறது, ஒன்றிலாவது ரேகை விழும்.

உன்
மச்சான்