ஊருக்கு டிராக்டர் வாங்கிக் கொடுக்கும் சிங்கப்பூர்த் தோழர்களுக்கு

அன்புள்ள அண்ணன் தம்பிகளே,

மன்னார்குடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை என்று எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பணம் அனுப்ப நிற்கும்போது "டிராக்டர் டியூ கட்டணும்" என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். நானும் நாலு வருடம் கட்டினேன். வண்டியும், அதன் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரும் என் பணத்தில் வந்தவை. ஓட்டுவது என் அண்ணன்.

போன புரட்டாசியில் லீவுக்குப் போயிருந்தேன். சம்பாவுக்குச் சேற்றுழவு முடித்து அண்ணன் வயலிலிருந்து ரோட்டுக்கு ஏறினார். ரோட்டவேட்டரை உச்சிவரை தூக்கி வைத்திருந்தார். வண்டி வரப்பில் ஏறவில்லை. ஆக்சிலேட்டரைக் கூட்டி, கிளட்சைச் சட்டென்று விட்டார். முன் சக்கரம் இரண்டும் முழங்கால் உயரத்துக்கு எழுந்துவிட்டன. அவற்றிலிருந்து சேறு கட்டி கட்டியாக விழுந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நல்லவேளை, அண்ணன் கால் தானாகக் கிளட்சை மிதித்தது. வண்டி தொப்பென்று இறங்கியது. மட்கார்டில் அவர் பையன் உட்கார்ந்திருந்தான். ஏழு வயது. "எப்பவும் இப்படித்தாண்டா தூக்கும்" என்றார் அண்ணன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் துவாஸில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறேன். முன்னால் பளு தூக்கும் வண்டி என்பதால் அதன் பின்புறம் முழுக்க இரும்பை வைத்திருக்கிறார்கள். டிராக்டரில் பளு பின்னால் இருக்கிறது. அப்போது இரும்பு முன்னால் இருக்க வேண்டும். 400 கிலோ ரோட்டவேட்டர் பின் அச்சிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித் தொங்குகிறது, இரண்டு அச்சுக்கும் நடுவே இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரத்தின் மேலிருந்து 200 கிலோ குறைந்துபோகும். மேடு ஏறும்போது இன்னும் குறையும். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரத்தில் நிற்க வேண்டும் என்பார்கள். இல்லாவிட்டால் ஸ்டீயரிங் கைக்கு நிற்காது.

பின்பக்கமாகக் கவிழும் டிராக்டர் முழுதாகப் புரள ஒன்றரை நொடி போதும். முக்கால் நொடி தாண்டிவிட்டால் கிளட்சை மிதித்தும் பயனில்லை. சேற்றில் பின் சக்கரம் புதைந்துவிட்டால் ஆபத்து இன்னும் அதிகம். சக்கரம் சுழல முடியாதபோது வண்டியே அச்சைச் சுற்றி எழும். டயரில் கட்டையைக் கட்டி முன்பக்கமாக ஏற்றப் பார்க்கிறோமே, தயவுசெய்து அதை நிறுத்தச் சொல்லுங்கள். இன்னொரு வண்டியைக் கூப்பிட்டுப் பின்பக்கமாக இழுக்கட்டும். செங்குத்தான கரையில் ஏற வேண்டியிருந்தால் ரிவர்ஸில் மெல்ல ஏறட்டும். ரோட்டவேட்டரையும் தேவையான அளவுக்கு மட்டும் தூக்கினால் போதும்.

அப்புறம், வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவர் நசுங்காமல் காக்கும் இரும்பு வளைவு. ரோப்ஸ் என்பார்கள், ஓட்டுபவரின் இருக்கைக்குப் பின்னால் நிற்கும். சுவீடனில் 1959லேயே புது டிராக்டர்களுக்குக் கட்டாயமாக்கிவிட்டார்கள். வெயிலுக்குப் போடும் பந்தலை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், வண்டி கவிழ்ந்தால் அது அப்பளமாக நொறுங்கும். ஊர்ப் பட்டறையில் குழாயை வளைத்து வெல்டிங் வைப்பதும் வேண்டாம். உங்கள் மாடலுக்கென்று சோதித்ததை டீலரிடம் கேளுங்கள். வளைவு மாட்டியிருந்தால் சீட் பெல்ட் கட்டாயம் போட வேண்டும். வளைவு இல்லாத வண்டியில் பெல்ட் போட்டால், கவிழும்போது ஆள் சீட்டோடு மாட்டிக்கொள்வார்.

இங்கே காலையில் வேலைக்கு முன் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் கையெழுத்துப் போடுகிறோம். பெல்ட் மாட்டாமல் சாவியைத் திருப்பினால் சேஃப்டிக்காரர் ஓடி வருகிறார். அங்கே நம் காசில் வாங்கிய வண்டியில் நம் அண்ணனை அப்படியே ஏற்றி விட்டிருக்கிறோம். எனக்கு அதுதான் ஆறவில்லை.

திரும்பி வந்ததும் முதல் சம்பளத்தில், வண்டியின் முன்னால் மாட்டும் இரும்பு வெயிட்டுக்குப் பணம் அனுப்பினேன். "எதுக்குடா தண்டச் செலவு" என்றார் அண்ணன். மாட்டிய பிறகு, ரோட்டில் வண்டி சொன்னபடி திரும்புகிறது என்று அவரே சொல்கிறார். வளைவுக்கு டீலரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். பையன் மட்கார்டில் ஏறுவதில்லை.

இந்த ஞாயிறு வீடியோ கால் போடும்போது வண்டியின் முன்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். பம்பரில் வெயிட் இல்லையென்றால், அடுத்து அனுப்பும் பணத்தில் முதலில் அதை வாங்கச் சொல்லுங்கள்.

துவாஸிலிருந்து,
ஒரு ஃபோர்க்லிப்ட் ஓட்டுநர்